பிளோக் எம் கேசட் கடை: முதலில் டங்டுட் அலமாரிக்குப் போங்கள்

வாக்மேன் இருந்தால் பையில் போட்டுக்கொண்டு போங்கள், காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்றும் கூடவே. கடையிலேயே பழைய டெக் ஒன்று இருக்கிறது, கேட்டால் போட்டுக் காட்டுவார்கள், ஆனால் சனிக்கிழமை மாலையானால் அந்த ஒரு டெக்குக்கு ஐந்தாறு பேர் காத்து நிற்பார்கள், பின்னால் ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்துவிட்டால் ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்க மனம் வராது. சொந்தக் கருவி இருந்தால் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்கலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான்கு வருடமாக இந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், ஒரு நாள்கூட "வாங்கப் போகிறீர்களா இல்லையா" என்ற கேள்வி வந்ததில்லை.

கடை இருப்பது தெற்கு ஜகார்த்தாவில், பிளோக் எம் ஸ்கொயர் வளாகத்தின் கீழ்த்தளத்தில். எம்.ஆர்.டி. ரயிலில் வந்தால் பிளோக் எம் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். மேலே வழக்கமான கடைகள்தான், கீழே இறங்கினால் பழைய புத்தகங்களின் வாசனை வரும், அந்த வாசனையைத் தொடர்ந்து போனால் இசைத்தட்டுக் கடைகளும் கேசட் கடைகளும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். நான் சொல்லும் கடை அவற்றில் ஒன்று. பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கீழே சில குறைகளையும் எழுதியிருக்கிறேன், ஒரு சின்னக் கடையின் பெயரோடு அவை ஒட்டிக்கொண்டு இணையத்தில் சுற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. நான் சொல்லும் முறையில் வாங்கினால் பக்கத்துக் கடைகளிலும் ஏமாற மாட்டீர்கள்.

கடைக்காரர் மேற்கு சுமத்ராவின் மினாங் இனத்தவர். வாடிக்கையாளர்கள் அவரை 'ஊடா' என்று கூப்பிடுகிறார்கள், அவர்கள் மொழியில் அண்ணன் என்று பொருள். அவர் என்னை 'பாங்' என்கிறார், ஜகார்த்தாப் பேச்சில் அதுவும் அண்ணன்தான். முதல் நாள் என் முகத்தைப் பார்த்ததும் "இந்தியாவா?" என்று கேட்டு ஷாருக்கான் பெயரைச் சொன்னார், இங்கே எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள். நான் தமிழ்நாடு, இந்திப் படங்கள் அவ்வளவாகத் தெரியாது என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, மேல் தட்டிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து டெக்கில் போட்டு, "அப்படியானால் இதைக் கேளுங்கள், இதில் உங்கள் நாடும் இருக்கிறது, எங்கள் நாடும் இருக்கிறது" என்றார்.

அது எல்யா கடாம் என்ற பாடகியின் பாடல்களின் தொகுப்பு. அவர் பாடிப் புகழ்பெற்ற 'பொனேகா இந்தியா', அதாவது 'இந்தியப் பொம்மை', அதில் இருந்தது. புல்லாங்குழல், கூடவே தபலா மாதிரி ஒரு கைத்தாளம், அதன்மேல் பழைய இந்திப் பாடகிகளைப்போல் சுழித்துச் சுழித்துப் பாடும் குரல், ஆனால் மொழி இந்தோனேசியம். அன்றைக்கு அந்த ஒரு கேசட்டோடு வீட்டுக்கு வந்தேன். 25,000 ரூபியா, நம் கணக்கில் நூற்று முப்பது ரூபாய்போல வரும்.

டங்டுட் என்ற இந்தோனேசிய வெகுஜன இசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் இந்தக் கடைக்குள் போனால் கிரிஸ்யே, ஃபாரிஸ் ஆர்.எம். போன்ற பாப் பாடகர்களுக்காக எல்லாரும் தேடும் அலமாரியின் முன்னாலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிடுவீர்கள்.

சுமத்ராவின் மலாய்ப் பகுதிகளிலிருந்து வந்த 'ஓர்கெஸ் மெலாயு' என்ற மலாய் இசைக்குழுக்கள்தான் இதன் வேர். 1950களிலும் 60களிலும் இந்திப் படங்கள் இங்கே அமோகமாக ஓடியபோது அந்தக் குழுக்கள் படப் பாட்டின் மெட்டுகளையும் தாளத்தையும் எடுத்துக்கொண்டன. தாளத்தைப் போடுவது கெண்டாங் என்ற இரட்டை மத்தளம். அதன் பெரிய முகத்தில் அடித்த கையை உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி இழுத்தால் ஒலி வளைந்து ஏறும், நம் தபலாவின் பெரிய மத்தளமான பாயாவில் கேட்பதுபோலவே. 'டங்' என்று ஒன்று, 'டுட்' என்று அந்த வளைவு. டங் நாலாவது அட்சரத்தில் விழும், டுட் அடுத்த சுற்றின் முதல் அட்சரத்தில் விழும், அதனால்தான் கேட்கிறவருக்கு இடுப்பு தானாக அசைகிறது. இந்த ஒலியைச் சொல்லித்தான் 1970களின் தொடக்கத்தில் வசதியானவர்கள் இந்த இசையை ஏளனம் செய்தார்கள், குடிசைப் பகுதிப் பாட்டு, டங்டுட் பாட்டு என்று. பாடகர் ரோமா இராமா அந்த ஏளனத்தையே பெயராக எடுத்துக்கொண்டார்.

ரோமா இராமாவின் கேசட்டுகள் இந்தக் கடையில் ஒரு முழு வரிசை இருக்கின்றன. 1946ல் தாசிக்மலாயாவில் பிறந்தவர், சொனெதா என்ற குழுவின் தலைவர், 'டங்டுட்டின் ராஜா' என்றே அழைக்கப்படுகிறவர். டீப் பர்பிள் போன்ற ராக் குழுக்களைக் கேட்டு வளர்ந்து, அந்த மின்கிதாரைக் கெண்டாங்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தவர். 70களின் பதிவுகளை வாக்மேனில் கேளுங்கள், இடது காதில் கிதார் உறுமும்போது வலது காதில் சூலிங் என்ற மூங்கில் குழல் இழையும், நடுவில் பிரசங்கம் செய்வதுபோல் அந்தக் கனமான குரல். எல்வி சுகாயிசி அவரோடு சேர்ந்து பாடிய பழைய பதிவுகள் கிடைத்தால் விடாதீர்கள், அந்த அம்மையாரை 'டங்டுட்டின் ராணி' என்கிறார்கள், அவர் குரலில் இருக்கும் கொஞ்சலும் அலட்சியமும் கலந்த ஒன்றை நான் வேறு எவரிடமும் கேட்டதில்லை.

இந்த இடத்தில் கேசட் என்ற பொருளுக்கே ஒரு முக்கியத்துவம் உண்டு. 70களின் பிற்பகுதியில் சுகார்த்தோ ஆட்சியின்போது ரோமா இராமா பி.பி.பி. என்ற இஸ்லாமியக் கட்சிக்காகத் தேர்தல் பிரசாரம் செய்தார், அரசுத் தொலைக்காட்சியான டி.வி.ஆர்.ஐ. அவரைப் பல வருடம் திரையில் காட்டவில்லை. 1989ல் முதல் தனியார் நிலையம் வரும்வரை நாட்டில் இருந்ததோ அந்த ஒரு தொலைக்காட்சி மட்டும்தான். அப்படியும் அவர் பாட்டு தெரியாத தெரு இல்லை என்றால் அதற்குக் காரணம் திரைப்படமும் இந்தப் பிளாஸ்டிக் பெட்டியும்தான். பேருந்திலும் மீன் சந்தையிலும் லாரி ஓட்டுநரின் தலைக்கு மேலும் ஓடிய அதே கேசட்டுகள்தான் இந்தக் கடைத் தட்டில் இன்றைக்கு 25,000, 30,000 ரூபியாவுக்குக் கிடக்கின்றன. சிலவற்றின் உறையில் முதலில் வைத்திருந்தவரின் பெயர் பேனாவில் எழுதியிருக்கும். அப்படி ஒன்று கையில் வந்தால் நான் அழுக்கைத் துடைப்பேன், அந்தப் பெயரை மட்டும் தொட மாட்டேன்.

இப்போது விலைக் கதைக்கு வருகிறேன், எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். 70களின் கடைசியிலும் 80களிலும் ஜகார்த்தாவின் நடுத்தர வர்க்க இளைஞர்களுக்காக வந்த, சின்தசைசரும் ஜாஸ் நெளிவும் கலந்த பாடல்களை இங்கே 'பாப் கிரேயாத்திஃப்' என்பார்கள். டிஸ்கோரியா போன்ற டி.ஜே.க்கள் பழைய இந்தோனேசிய நடனப் பாட்டுகளை மறுபடியும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள், சிட்டி பாப் என்ற பழைய ஜப்பானிய நகர்ப்புறப் பாப் இசையின் மோகம் உலகம் முழுக்கப் பரவியது, இரண்டும் சேர்ந்து இந்தக் கேசட்டுகளின் விலையைக் கூரைக்கு ஏற்றிவிட்டன. 1977ல் வந்த 'படாய் பஸ்தி பெர்லாலு' என்ற படத்தின் பாடல் கேசட், கிரிஸ்யேயின் குரலில் வந்தது, 2007ல் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தோனேசியப் பதிப்பு நாட்டின் 150 சிறந்த ஆல்பங்களில் அதற்கு முதலிடம் தந்தது. அது அருமையான ஆல்பம்தான், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் இந்தக் கடையில் அதன் பழைய பதிப்பு ஒன்றுக்கு என்னிடம் சொன்ன விலை 4 லட்சம் ரூபியா. பக்கத்துத் தட்டில் அதே வருடத்து டங்டுட் கேசட் 25,000. ஒலித்தரம் ஒன்றுதான், டேப் ஒன்றுதான், வாசித்தவர்களின் கைத்திறனும் குறைந்ததில்லை. ஒன்றை வசதியான வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள், இன்னொன்றைப் பாத்திரம் விற்பவர் கேட்டார், விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி அதுதான். ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஏளனம் இன்னும் விலைச்சீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஊடாவிடம் இதைக் கேட்டேன். "பாங், விலையை வைப்பது நான் இல்லை, வந்து கேட்கிறவர்கள்தான்" என்றார். சரி, வியாபாரியாக அவர் சொல்வது நியாயம். ஆனால் நீங்கள் வாங்குகிறவர். அதனால் சொல்கிறேன், பாப் கிரேயாத்திஃப் பாடல்களை இணையத்திலேயே நல்ல ஒலியில் கேட்கலாம், மறுபதிப்புகளும் வந்துவிட்டன. அந்தப் பணத்துக்கு இங்கே பதினைந்து டங்டுட் கேசட் வாங்கலாம், அவற்றில் பாதி எங்கேயும் மறுபதிப்பு வராதவை.

வெளிநாட்டுப் பாட்டுகளுக்கு ஒரு தனி மூலை உண்டு, இதன் பின்னணி சுவாரசியமானது. 1958ல் இந்தோனேசியா பெர்ன் காப்புரிமை உடன்படிக்கையிலிருந்து வெளியேறிவிட்டது, 1997ல்தான் திரும்பச் சேர்ந்தது. இடையில் 70களிலும் 80களிலும் இங்கிருந்த நிறுவனங்கள் மேற்கத்திய ஆல்பங்களைக் கேட்பாரில்லாமல் பிரதியெடுத்து, பளபளப்பான உறையோடு, கடையில் பகிரங்கமாக விற்றன. பாண்டுங்கிலிருந்து வந்த 'யெஸ்' என்ற முத்திரை ராக் ரசிகர்களிடம் இன்றைக்கும் மதிப்புள்ளது, ஐரோப்பாவிலேயே அதிகம் விற்காத குழுக்களைக்கூட அவர்கள் போட்டிருக்கிறார்கள். ஆல்பம் முடிந்து டேப்பில் இடம் மிஞ்சினால் அதே குழுவின் வேறு பாட்டு ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். 1985ல் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் கச்சேரியின் கேசட்டும் இப்படி இங்கே அச்சாகி வெளிநாடுகளுக்குப் போனது, கச்சேரியை நடத்திய பாடகர் பாப் கெல்டாஃப் பகிரங்கமாகக் கண்டித்தார், அந்த நெருக்குதலும் வர்த்தக நெருக்குதலும் சேர்ந்து 80களின் கடைசியில் இந்தத் தொழில் நின்றது. நான் இந்த மூலையில் அதிகம் வாங்குவதில்லை. ஆனால் இந்தோனேசிய இசைக்கலைஞர்களின் ஒரு தலைமுறை ராக் கற்றுக்கொண்டது இந்தப் பிரதிகளில்தான் என்பதால் ஒன்றிரண்டு வைத்திருக்கிறேன்.

பாடகி நிக்கே ஆர்டில்லாவுக்கு ஒரு தட்டு. 1995 மார்ச்சில் பாண்டுங்கில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 19. அவர் கேசட்டைக் கேட்டு வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள், பேசிக்கொண்டே இருந்தவர்கள் அந்தத் தட்டுக்கு முன்னால் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், இதை நான் மூன்று நான்கு தடவை பார்த்திருக்கிறேன். இவான் ஃபால்ஸ் கேசட்டுகளும் நிறைய உண்டு, ஏழைகளின் பக்கம் நின்று கிதாரோடு பாடியவர், அவர் கேசட் எதை எடுத்தாலும் வீண் போகாது. கூஸ் பிளஸ் குழுவை மறக்க வேண்டாம். அதன் முந்தைய வடிவமான கூஸ் பெர்சவுதாரா சகோதரர்களை, பீட்டில்ஸ் பாணியில் வாசித்தார்கள் என்பதற்காக 1965ல் சுகர்னோ அரசு கிளோடோக் சிறையில் அடைத்தது. பிறகு அவர்கள் ஜாவானியப் பாட்டு, மலாய்ப் பாட்டு, குழந்தைப் பாட்டு என்று வருடத்துக்கு ஏகப்பட்ட கேசட் போட்டார்கள், அதனால் விலையும் மலிவு. 90களின் பாப் கேசட் வேண்டுமானால் கடை வாசலிலேயே கொட்டிக் கிடக்கிறது, உறை பிரிக்காதவற்றில் வரி கட்டிய ஸ்டிக்கர்கூட அப்படியே இருக்கும்.

டிடி கெம்போட்டின் கேசட் கேட்டுப் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். சோலோ நகரத்தில் பிறந்து, தெருவில் பாடி வளர்ந்தவர், 'கெம்போட்' என்பதே நடைபாதைப் பாடகர் குழு என்பதன் இந்தோனேசியச் சுருக்கம். காதலில் தோற்றவர்களின் பாட்டை ஜாவானிய மொழியில் பாடினார், முதலில் சுரினாமிலும் நெதர்லாந்திலும் வாழும் ஜாவானியரிடம் பெரும் பெயர் வாங்கினார், 2019ல் திடீரென்று இருபது வயதுப் பிள்ளைகள் அவர் கச்சேரிகளில் நின்று அழத் தொடங்கினார்கள், 2020 மே மாதம் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கேசட்டுகள் தட்டில் நிற்பதேயில்லை. வந்தால் சொல்கிறேன் என்று ஊடா என் எண்ணை வாங்கி வைத்தார், இரண்டு முறை சொன்னார், இரண்டு முறையும் நான் போவதற்குள் விற்றுவிட்டது. எடுத்து வைக்கச் சொன்னால் வைப்பார், ஆனால் அதே நாளில் போக வேண்டும்.

குறைகளைச் சொல்கிறேன். பெரிய குறை, வி.சி.டி. மூலை. கிழக்கு ஜாவாவில் 90களில் வளர்ந்த கோப்லோ என்ற வேகமான டங்டுட் வகை கேசட்டில் அல்ல, வி.சி.டி.யில்தான் பரவியது. ஊர்க் கல்யாணங்களிலும் திருவிழா மேடைகளிலும் எடுத்த வீடியோக்கள் வட்டில் ஏறித் தெருவோரம் விற்றன. பசுருவானைச் சேர்ந்த இனுல் தாராதிஸ்தாவை நாடு அறிந்ததே அப்படித்தான். 'துளைபோடும் ஆட்டம்' என்று பெயர்பெற்ற அவருடைய இடுப்பாட்டத்தை 2003ல் ரோமா இராமா கடுமையாகக் கண்டித்தார், நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் அதிகாரபூர்வப் பாடலை வியா வாலென் என்ற கோப்லோ பாடகி பாடினார் என்றால் பதினைந்து வருடத்தில் இந்த இசை எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். அப்படிப்பட்ட வட்டுகள் இந்தக் கடையில் ஒரு அட்டைப் பெட்டிக்குள், உறையில்லாமல், ஒன்றோடொன்று உரசிக் கிடக்கின்றன. வி.சி.டி. போட்டுப் பார்க்கக் கருவி கிடையாது. நான் வாங்கிய ஆறில் நான்கு வீட்டில் ஓடவே இல்லை. மாற்றித் தரவும் மாட்டேன் என்றுவிட்டார், வி.சி.டி.க்கு மட்டும் உத்தரவாதம் இல்லையாம். கேசட்டுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை இதற்குக் காட்டலாம். ஓடிய இரண்டில் ஒன்றில், மேடைக்கு ஏறி வந்து பாடகியின் கையில் நோட்டு நோட்டாகப் பணம் கொடுக்கும் வழக்கத்தை, 'சவேரான்' என்பார்கள், பத்து நிமிடம் வெட்டாமல் காட்டியிருக்கிறார்கள். யாருடைய பணத்துக்கு எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டும், யார் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும், எப்போது நகர்ந்துகொள்ள வேண்டும் என்று அந்தப் பாடகி பாடிக்கொண்டே முடிவு செய்வதைப் பார்க்கப் பார்க்க, இது குரலை மட்டும் நம்பிச் செய்கிற வேலை இல்லை என்று புரிந்தது. இன்னும் நாலு வட்டுகளில் என்ன இருந்ததோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது குறை, உறையும் கேசட்டும் மாறிப்போவது. உறையில் ஒரு பாடகி, உள்ளே வேறொருவர். இது வேண்டுமென்றே செய்வதில்லை, நாள் முழுக்க நூறு பேர் எடுத்துப் பார்த்து வைக்கும் கடை. ஆனாலும் பணம் கொடுப்பதற்குமுன் பெட்டியைத் திறந்து கேசட்டில் ஒட்டியிருக்கும் பெயரைப் படியுங்கள். அப்புறம், எதிலும் விலை ஒட்டியிருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், புதியவருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார். நான்கைந்து சேர்த்து எடுத்து வைத்துவிட்டு மொத்தமாகக் கேட்டால் குறையும்.

பூஞ்சை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இந்த ஊரின் ஈரக் காற்றுக்குக் கேசட் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும், 'ஜாமுரான்' என்பார்கள். ஒருமுறை இணையத்தில் வேறொரு விற்பனையாளரிடம் பத்துக் கேசட் மொத்தமாக வாங்கினேன், படத்தில் பளிச்சென்று இருந்தன, வந்ததில் ஏழில் பூஞ்சை, தெரியாமல் ஓட்டியதில் என் டெக்கின் ஹெட் முழுக்க வெள்ளை படிந்து அதற்கப்புறம் போட்ட நல்ல கேசட்டுகளும் மங்கிக் கேட்டன. பணம் திரும்ப வரவில்லை. அந்த டெக்கைத் தூக்கிக்கொண்டு ஊடாவிடம்தான் போனேன். அவர் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைத்தார், பூஞ்சை பிடித்த ஏழையும் ஒவ்வொன்றாகத் திறந்து, துணியை டேப்மேல் மெல்லப் பிடித்து ஓடவிட்டு, ஐந்தைக் காப்பாற்றிக் கொடுத்தார். தன்னிடம் வாங்காத கேசட்டுகள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, கேட்ட கூலி 50,000 ரூபியா. கேசட்டுக்குள் டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்துபோயிருந்தால் 5,000 ரூபியாவுக்குப் புதிது ஒட்டித் தருவார். இந்தச் சேவைக்காகவே இந்தக் கடைக்கு என் முழு மதிப்பெண்ணையும் கொடுப்பேன்.

வாங்கும் முறை: பெட்டியைத் திறந்து, டேப் சுருளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், வெள்ளைப் புள்ளி இருந்தால் வைத்துவிடுங்கள். பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். 'டெஸ் டூலு', அதாவது முதலில் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், அந்த இரண்டு சொல் இந்தத் தளத்தில் எந்தக் கடையிலும் செல்லும். இரண்டு பக்கத்தையும் கேளுங்கள், முதல் பக்கம் நன்றாக இருந்து இரண்டாம் பக்கம் கசங்கியிருப்பது சகஜம். பணத்தை க்யூஆர் குறியீட்டில் செலுத்தலாம், கார்டு எடுக்க மாட்டார்கள்.

கடையின் பின்பக்கத்தில், தரையோடு தரையாக, அட்டைப் பெட்டிகளில் வாயாங் கேசட்டுகள் இருக்கின்றன. தோல்பாவைக் கூத்தின் ஒலிப்பதிவு. இரவு ஒன்பதுக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் கூத்தை அப்படியே எட்டுக் கேசட்டில் அடைத்து ஒரே பெட்டியாக விற்றிருக்கிறார்கள். பலவற்றில் சோலோ நகரத்து லோகானந்தாவின் முத்திரை இருக்கும். 1956ல் வானொலிக்காக இசைத்தட்டு அச்சிடத் தொடங்கிய அரசு நிறுவனம் அது, பின்னாளில் கேசட்டுக்கு மாறியது, 2023ல் புதுப்பித்து மறுபடி திறந்திருக்கிறார்கள். பெயர்கூடத் தேவலோகத்தில் வாசிப்பாரின்றித் தானே ஒலிக்கும் கமலான் என்ற ஜாவானிய வாத்தியத் தொகுதியின் பெயர்தான். இந்தப் பெட்டிகளை ஜகார்த்தாவில் யாரும் சீந்துவதில்லை, முழு இரவும் ஜாவானிய மொழியில் ஓடுவதை உட்கார்ந்து கேட்க ஆளில்லை. ஆனால் நமக்குக் கதை தெரியும். அர்ஜுனன் என்று ஒரு பெயர் காதில் விழும், கிருஷ்ணனைக் 'கிரஸ்னா' என்பார்கள், பீமன் 'பீமா'வாக வருவான், மொழி புரியாவிட்டாலும் யார் யாரோடு பேசுகிறார் என்று குரலை வைத்தே பிடித்துக்கொள்ளலாம். எல்லாக் குரலும் ஒரே ஆளுடையது, கூத்தை நடத்தும் தாலாங் என்பவருடையது.

நான் வாங்கியது கி நார்தோசப்தோவின் பெட்டி. 1985ல் மறைந்த பெரும் தாலாங், பாட்டுக் கட்டுவதிலும் மன்னர். நள்ளிரவில் செமார், காரெங், பெத்ருக், பாகோங் என்ற நான்கு விதூஷகப் பணியாட்கள் வரும் இடத்தில் அவர் கதையை நிறுத்திவிட்டுப் பாடகிகளைப் பாட விட்டுக் கேலி பேசுகிறார், கேசட்டில் பின்னால் குழுவினர் சிரிப்பது அப்படியே கேட்கிறது. வேலை முடிந்து வந்து இரவுக்கு ஒரு கேசட்டாகக் கேட்டேன். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

பெட்டியில் ஏழு கேசட்தான் இருந்தது. ஆறாவது இல்லை. விற்கும்போதே ஊடா சொல்லிவிட்டார், அதற்காக விலையைப் பாதியாகக் குறைத்து 80,000 ரூபியாவுக்குத் தந்தார். ஐந்தாவது முடியும்போது வனத்தில் அரக்கர்கள் வழிமறிக்கிறார்கள், கமலான் வேகமெடுக்கிறது, டக்கென்று நிற்கிறது. ஏழாவதில் எல்லாம் அடங்கி வேறெங்கோ அரண்மனையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைக்குப் போனால் மாலை ஐந்து மணிக்கு மேல் முடித்துக்கொண்டு, அப்படியே புலுங்கான் பக்கம் நடந்து குல்டிக் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், தெருமுனையில் முக்காலி போட்டு விற்கும் மாட்டிறைச்சிக் குழம்புச் சோறு, சின்னத் தட்டுதான் தருவார்கள், எல்லாரும் இரண்டு வாங்குவார்கள். போன வியாழக்கிழமை அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஊடாவிடமிருந்து செய்தி வந்தது. சோலோவிலிருந்து வந்த ஒரு மூட்டையில் ஆறாவது கேசட் மட்டும் தனியாக இருக்கிறதாம், உறை இல்லை, பஞ்சும் உதிர்ந்திருக்கிறது, ஒட்டி வைக்கிறேன் என்கிறார். சனிக்கிழமை போகிறேன்.